தழும்புக்கும் விலையா?

கீறல் விழுந்த பொருளுக்கு விலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பது வியாபாரத்தில் நாம் படித்த முதல் பாடம். பெட்டி நசுங்கினால் கழிவு. பெயின்ட் உரிந்தால் கழிவு. கண்ணாடி அலுமாரியில் கிடந்து வெயில் பட்டு நிறம் மங்கினால் அதற்கும் ஒரு கழிவு. ஆனால் தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று கீறி, பெயின்டை உரித்து, திருகாணிகளைத் துருப்பிடிக்க வைத்து, அதன் பின்னர் கீறலில்லாததை விடக் கூடிய விலைக்கு விற்கும் ஒரு பொருள் உலகச் சந்தையில் இருக்கிறது. வாங்குவதற்கும் ஆள் இருக்கிறது. அந்தப் பொருள் மின்சார கிட்டார்.

கிட்டார் நம்மில் பெரும்பாலானோரின் கடைச் சரக்கு அல்ல. அப்படியிருக்க, இந்தப் பத்தியில் அதற்கு ஏன் இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு பொருளின் விலைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு கிடைப்பது கடினம். அதனால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். கலிபோர்னியாவில் லியோ பென்டர் என்பவர் நடத்திய கம்பனி 1954 இல் 'ஸ்ட்ரடோகாஸ்டர்' என்ற மின்சார கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்றைய விலை 249.50 டொலர். 1965 இல் சீ.பி.எஸ். நிறுவனம் அந்தக் கம்பனியை 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. புதிய முதலாளிகள் உற்பத்தியைப் பெருக்கினார்கள், செலவைச் சுருக்கினார்கள். தரம் இறங்கிவிட்டது என்று வாசிப்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். 1965 க்கு முந்திய கிட்டார்களுக்குத் தனி மதிப்பு ஏறியது அதன் பிறகுதான். இன்று ஐம்பதுகளில் செய்யப்பட்ட நல்லதொரு ஸ்ட்ரடோகாஸ்டர் பல்லாயிரம் டொலர் பெறும்.

அந்தப் பழைய கிட்டார்களில் பூசியது நைட்ரோசெலுலோஸ் என்ற மெல்லிய அரக்குப் பூச்சு. அது காலப்போக்கில் மஞ்சளாகும், நூலிழை போல வெடிக்கும், கை படும் இடத்தில் தேய்ந்து மரம் வெளியே தெரியும். ஆகவே தேய்ந்த தோற்றம் என்றால் பழைய தரம் என்று சந்தையின் கண் பழகிவிட்டது. பென்டர் கம்பனி 1985 இல் சீ.பி.எஸ். கையை விட்டுப் போனது. அதன் ஊழியர்கள் சிலரும் முதலீட்டாளர்களும் சேர்ந்து அதை வாங்கினார்கள். 1987 இல் 'கஸ்டம் ஷொப்' என்ற தனிப் பட்டறையும் தொடங்கினார்கள். 1995 இல் அந்தப் பட்டறையின் பெயரில் 'ரெலிக்' கிட்டார்கள் வெளிவந்தன. புதிதாகச் செய்து, நாற்பது வருடம் மேடையில் அடிபட்டது போல ஆக்கிய கிட்டார்கள் அவை. ஆரம்ப காலத்தில் உடல் பகுதியையும் கழுத்தையும் மிசூரி மாநிலத்தில் வின்ஸ் குனெட்டோ என்ற கைவினைஞரிடம் அனுப்பிப் பழசாக்கி எடுத்தார்கள்.

எப்படிப் பழசாக்குகிறார்கள்? பூச்சைத் திடீரெனக் குளிரவைத்து வெடிக்கச் செய்கிறார்கள். முழங்கை உரசும் இடத்தைத் தேய்த்து மரத்தைக் காட்டுகிறார்கள். சாவிக்கொத்தாலும் பெல்ட் பக்கிளாலும் விழும் காயங்களை அதே இடத்தில் உண்டாக்குகிறார்கள். உலோகப் பாகங்களை அமில ஆவியில் வைத்து மங்கச் செய்கிறார்கள். இதெல்லாம் கைவேலை. தெரியாதவர் செய்தால் பார்த்த உடனே பொய் என்று தெரிந்துவிடும்.

இப்போது விலைக்கு வருவோம். மெக்சிகோவில் செய்யும் சாதாரண பென்டர் ஏறத்தாழ ஆயிரம் டொலருக்குள் கிடைக்கும். அமெரிக்காவில் செய்யும் நல்ல ரகம் இரண்டாயிரம் டொலரை ஒட்டி வரும். கஸ்டம் ஷொப்பின் ரெலிக் என்றால் நாலாயிரம், ஐயாயிரம் டொலர், அதற்கு மேலும் போகும். 'கீறலுக்கா மூவாயிரம் டொலர்?' என்று பலரும் கேலி செய்வது இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான்.

இந்தக் கேலியில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. அந்த மூவாயிரம் டொலரில் பெரும்பகுதி கீறலுக்குரியதல்ல. தெரிந்தெடுத்த பாரம் குறைந்த மரம், கவனமாகச் சீர்செய்த கழுத்து, பழைய முறையில் சுற்றிய காந்தச் சுருள்கள், சிறிய பட்டறையின் கூலி, பெயரின் மதிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். அதே பட்டறையின் கீறலில்லாத கிட்டாரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் சில நூறு டொலர்தான். ஒரு தேர்ந்த வேலையாளின் பல மணி நேரக் கூலியாக அதைப் பார்த்தால் அநியாயம் என்று சொல்ல முடியாது. தவறான இரண்டு பொருள்களை ஒப்பிட்டு விலையைத் திட்டுவது நம் வாடிக்கையாளர்களும் அடிக்கடி செய்யும் வேலைதான்.

எல்லாக் கம்பனியும் அந்த அளவோடு நிற்பதில்லை. கிப்சன் கம்பனி 2021 இல் 'மேர்பி லேப்' என்ற பிரிவைத் தொடங்கியது. அங்கே பழசாக்குவதில் மிக இலேசு, இலேசு, கடுமை, மிகக் கடுமை என்று படிகள் வைத்தார்கள். படி ஏற ஏற விலையும் ஏறுகிறது. ஒரே மாதிரிக் கிட்டாரில் முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே ஆயிரக்கணக்கான டொலர் வித்தியாசம் வரும். மரமும் ஒன்று, கம்பியும் ஒன்று, காயம் மட்டும்தான் கூட. இந்த இடத்தில் கேலி நியாயமாகிறது.

வாங்குபவருக்கு அதனால் கிடைக்கும் பலன் என்ன? மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது கைக்குக் கிடைக்கும் பலன். நீண்ட காலம் வாசித்த கிட்டாரின் கழுத்து விளிம்பு உருண்டிருக்கும், கையில் ஒட்டாது. ரெலிக்கில் அந்தச் சுகம் முதல் நாளே கிடைக்கிறது. இது உண்மையான பலன். ஆனால் விளிம்பை உருட்டிய, வழுக்கும் கழுத்துள்ள புதிய கிட்டார்கள் அமெரிக்க ரகத்திலேயே பாதி விலைக்குக் கிடைக்கின்றன. இதற்காக மட்டும் ரெலிக் வாங்கத் தேவையில்லை.

இரண்டாவது காதுக்கு. மின்சார கிட்டாரின் ஓசையை முக்கியமாகத் தீர்மானிப்பவை தந்தி, காந்தச் சுருள், ஒலிபெருக்கி, வாசிப்பவரின் விரல் ஆகியவை. பெயின்டில் விழுந்த கீறல் ஓசையை மாற்றாது. 'பழசாக்கியதால் ஓசை இனிமையாகிவிட்டது' என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஓசை நன்றாக இருந்தால் அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் நல்ல வேலை.

மூன்றாவது கண்ணுக்கும் மனதுக்கும். இது அவரவர் விருப்பம். புதுக் கிட்டாரில் முதல் கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து வாசிப்பவர்கள் உண்டு. ரெலிக் வாங்கியவருக்கு அந்தப் பயம் இல்லை. விலை மதிப்புள்ள பழைய கிட்டாரை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, அதே தோற்றமுள்ள ரெலிக்கை மேடைக்குக் கொண்டுபோகும் தொழில்முறைக் கலைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நல்ல கொள்வனவு.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது காரணம் ஒன்றைச் சிலர் சொல்வார்கள். முதலீடு என்பார்கள். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கலகரின் கிட்டாரை எடுத்துக்கொள்வோம். 1961 இல் செய்யப்பட்ட அந்த ஸ்ட்ரடோகாஸ்டரை அவர் 1963 இல் கோர்க் நகரக் கடையொன்றில், யாரோ பாவித்துக் கொடுத்த நிலையில், சுமார் 100 பவுணுக்குக் கடனில் வாங்கினார். 1995 இல் இறக்கும் வரை வாசித்தார். அவருடைய வியர்வையில் அதன் பூச்சு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. 2024 ஒக்டோபரில் லண்டன் ஏலத்தில் அது 889,400 பவுணுக்கு விலைபோனது. அதே தேய்வை அச்சாகப் பிரதி செய்து பென்டர் கம்பனியும் விற்றிருக்கிறது. அந்தப் பிரதி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் ஏலத்தில் இந்த விலையின் கிட்டக்கூட வராது. தேய்ந்த பூச்சைப் பிரதி செய்யலாம். அதைத் தேய்த்த முப்பது வருட வாழ்க்கையைப் பிரதி செய்ய முடியாது. ஏலத்தில் பணம் கொடுத்தது அதற்குத்தான்.

குனெட்டோ செய்த 1995 – 1999 கால ரெலிக்குகளைச் சேகரிப்போர் இன்று கூடிய விலைக்குத் தேடுகிறார்களே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். அவை முதலாவதாக வந்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அதைப் பார்த்து, இன்று கடையில் வரிசையாகத் தொங்கும் எல்லா ரெலிக்கும் விலையேறும் என்று கணக்குப் போட்டால் பிழைத்துவிடும். வாங்கிய மறுநாள் அவையும் பாவித்த பொருள்தான். மற்றவர் கீறிய கீறல் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்பவர் தொகை கூடக் கூட, திருப்பி விற்பதும் கடினமாகும்.

இதையெல்லாம் விட முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. பழசாக்கும் கலை வளர வளர, ஏமாற்றுபவனுக்கும் அது கருவியாகிறது. பழசாக்கிய கழுத்து, பழசாக்கிய ஆணி, பழசாக்கிய பிளாஸ்டிக் தகடு எல்லாம் இன்று தனித்தனியாகவே வாங்கலாம். அவற்றைப் பொருத்தி 1960 ஆம் ஆண்டுக் கிட்டார் என்று விற்றால் அது அப்பட்டமான மோசடி. பென்டர் கம்பனி ரெலிக் கிட்டார்களின் தலைப்பகுதிக்குப் பின்னால் கஸ்டம் ஷொப் முத்திரையைப் பதிக்கிறது, சான்றிதழும் கொடுக்கிறது. இது புதிதாகச் செய்தது என்று தானே சொல்லி விற்கிறது. அந்த முத்திரையைச் சுரண்டி எடுத்துவிட்டால் பொருள் அதேதான். ஆனால் வியாபாரம் களவாகிவிடுகிறது.

பேருவளை மாணிக்கக்கல் வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'கெவுட' என்ற பால் நிறக் கல்லை எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் நம்மிடம் மலிவாக வாங்கி, சூடுபடுத்தி நீலக்கல்லாக்கி விற்றார்கள். சூடுபடுத்திய கல்லை விற்பது குற்றமல்ல. இயற்கையிலேயே நீலமான கல்லின் விலையைச் சொல்லி அதை விற்பதுதான் குற்றம். கிட்டாருக்கும் அதே அளவுகோல்தான்.

ஆகவே கேள்விக்கு என் பதில் இது. செயற்கையாகப் பழசாக்கிய கிட்டார், அடியிலுள்ள வேலை நல்லதாக இருந்து, பழசாக்கிய கூலி அளவோடு இருந்து, வாங்குபவர் ஆசைப்பட்டு வாசிக்க வாங்கினால் விலைக்குத் தகும். ஓசைக்காகவோ முதலீட்டுக்காகவோ வாங்கினால் தகாது. காயம் கூடக் கூட விலை ஆயிரக்கணக்கில் ஏறும் இடத்தில் பணத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொள்வதே புத்தி.

நமது கடைகளில் பழைய பாணித் தளபாடம், பழசு போன்ற பித்தளைச் சாமான், கழுவி வெளிறவைத்த டெனிம் எல்லாம் விற்கிறோம். அவற்றுக்குக் கூலியும் இலாபமும் தாராளமாக வைக்கலாம். பற்றுச்சீட்டில் மட்டும் 'பழையது' என்று எழுதாமல் 'பழைய பாணி' என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் இரண்டாம் முறை வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.