அடைப்பு குழாய்க்குள் இல்லை, சுவருக்குள் இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே செய்தி மாறி மாறி வருகிறது. இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாற்றை வினிகரோடு காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடுமாம். நோய் எதிர்ப்பு சக்தி கூடி, அதுவே கொழுப்பைத் தின்றுவிடுமாம். மாத்திரையே வேண்டாமாம்.

இதை எழுதியவர் இரத்தக்குழாயைச் சாக்கடைக் குழாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே பிசுக்கு ஒட்டியிருக்கிறது, எதையாவது ஊற்றினால் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது அவர் கணக்கு. உண்மையில் அடைப்பு வளர்வது குழாய்ச் சுவரின் உள்தோலுக்கு அடியில். கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். இரத்தத்தில் அதிகமானால், அது சுவருக்குள் நுழைந்து சிக்கிக் கெட்டுப்போகிறது. அதை அப்புறப்படுத்த வெள்ளையணுக்கள் வருகின்றன. சுவருக்குள் வந்ததும் அவை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களாக மாறுகின்றன. ஆக, அந்த எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே அங்கே தின்றுகொண்டுதான் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

மற்ற செல்கள் போதுமான கொலஸ்ட்ரால் கிடைத்ததும் வாசலைச் சாத்திக்கொள்ளும். கெட்டுப்போன எல்.டி.எல்.லை மேக்ரோஃபேஜ் எடுக்கும் வாசல் வேறு. வயிறு நிறைந்தாலும் அது சாத்தாது. 1979-இல் அமெரிக்காவில் இதைக் காட்டிய கோல்ட்ஸ்டீன், பிரவுன் இருவரும் கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985-இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

பாக்டீரியாவைத் தின்றால் மேக்ரோஃபேஜ் செரித்துவிடும். கொலஸ்ட்ராலைச் செரித்து அழிக்க அதற்கு வழியில்லை. எச்.டி.எல். மூலம் கல்லீரலுக்கு அனுப்பிவைக்கலாம், அவ்வளவுதான். அனுப்புவதைவிட வரவு அதிகமானால் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் நிறைந்து, நுண்ணோக்கியில் நுரை மாதிரி தெரியும். நுரை செல் என்றே அதற்குப் பெயர். கடைசியில் அங்கேயே செத்துப்போகிறது. அதை அள்ள மேலும் செல்கள் வந்து, அவற்றிலும் பல சாகின்றன. அடைப்பின் நடுவே இருக்கும் கூழில் இப்படிச் செத்த நம் செல்களும் அவை விட்ட கொழுப்பும் நிறைய. அதன் மேல்மூடி கிழிந்தால் அந்த இடத்தில் இரத்தம் உறையும். பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன.

இப்போது சொல்லுங்கள், வயிற்றுக்குள் போகும் கஷாயம் அந்தச் சுவருக்குள் புகுந்து எதைக் கரைக்கும்?

நம்மால் முடிந்தது வரவைக் குறைப்பது. ஸ்டாட்டின் மாத்திரை அதைத்தான் செய்கிறது. அதைச் சாப்பிடும்போது கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை அதிகமாக இழுத்துக்கொள்ளும். சுவருக்குள் போவது குறையும், மேல்மூடி உறுதிப்படும். 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகள் இருந்தார்கள். சுமார் ஐந்தரை ஆண்டுகளில், வெற்று மாத்திரை சாப்பிட்ட பாதிப் பேரில் 256 பேர் இறந்தார்கள். ஸ்டாட்டின் சாப்பிட்ட மறுபாதியில் 182 பேர். கஷாயத்துக்கு இப்படி ஒரு கணக்கு இருந்தால் காட்டுங்கள்.

"அது ரசாயனம், இது இயற்கை" என்பவர்களுக்கு ஒன்று. முதல் ஸ்டாட்டினை ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் கண்டெடுத்தது ஒரு பூஞ்சையிலிருந்து.

"பக்க விளைவு வருமே" என்கிறீர்கள். சிலருக்குத் தசைவலி வருவது உண்மை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். நாமாக நிறுத்தக் கூடாது. நமக்குத் தெரிந்த இருவர், ஸ்டென்ட் வைத்தவர்கள், அந்தச் செய்தியை நம்பி நிறுத்தியிருக்கிறார்கள். கேட்டால், "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார்கள். அடைப்பு வளரும்போது வலிக்காது, அப்பா! இந்த வாரமே டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

இஞ்சியும் பூண்டும் ரசத்தில் தாராளமாகப் போடுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். தினமும் நடங்கள். அந்தச் செய்தியை அனுப்பிய யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நல்லெண்ணம் மாரடைப்பைத் தடுக்காது. இனி அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள், யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களைக் கூப்பிட்டு, மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.