மரமேறும் முறையைத் தீர்மானிப்பது யார்?

கேரளத்தில் தென்னை ஏறுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. தண்டில் படிவெட்டி ஏறலாம். நம் பனையேறிகளின் தளைநார் போன்ற ‘தளப்பு’ என்னும் கயிற்று வளையத்தைக் காலில் மாட்டி ஏறலாம். செம்பேரி ஜோசப் வடிவமைத்த கருவியைக் கொண்டும் ஏறலாம்.

முதல் வழி கூடாது. தென்னையில் வெட்டிய காயம் ஆறி மூடுவதில்லை. அதன்வழியே சிவப்புக் கூன்வண்டு நுழையும். கருவியின் பயனோ கண்கூடு. 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் தொடங்கிய ‘தென்னை மரத் தோழர்கள்’ பயிற்சியில் பெண்களும் அதைக்கொண்டு ஏறக் கற்றனர்.

ஆயினும் தேர்ந்த தொழிலாளர் பலர் தளப்பையே நாடுகின்றனர். இதைப் பழமைப்பற்று என்று ஒதுக்குவது நேர்மையன்று. கருவியை மரத்துக்கு மரம் பூட்டிக் கழற்ற நேரமாகிறது. கூலியோ ஏறிய மரங்களின் எண்ணிக்கைக்கே கிடைக்கிறது. பாதுகாப்புப் பட்டை அணியும் நேரமும் அவருக்கு இழப்பே. ஆகவே, ஏறும் முறையை அவர் தேர்வதாக நாம் எண்ணினாலும், உண்மையில் அதைத் தேர்வது கூலிமுறையே.

கருவிக்கு மானியம் தருவது நன்று. ஆனால் அது மட்டும் போதாது. பட்டை அணியும் நேரத்துக்கும் சேர்த்து நாட்கூலி தரத் தோட்ட உரிமையாளர் முன்வர வேண்டும். மலிவான தேங்காய்க்காக ஒருவர் தம் முதுகெலும்பைப் பணயம் வைக்கக் கூடாது.