வீட்டு அடுப்பில் பீட்சா வேகுமா?

பீட்சாவின் தாய்வீடு இத்தாலியின் நேபிள்ஸ் நகரம். நேபிள்ஸ் பீட்சாவை ஐரோப்பிய யூனியனின் முத்திரையோடு விற்க 2010-ம் ஆண்டு முதல் சட்டமே இருக்கிறது. விறகு அடுப்பின் தளம் சுமார் 485 டிகிரி காய வேண்டும். 60 முதல் 90 வினாடியில் வெந்துவிட வேண்டும். அகலம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது!

சட்டம் கடைக்காரருக்கு. வீட்டுக்காரர் கதி? 2020 மார்ச்சில் கொரோனாவால் கடைகள் அடைபட்டன. நேபிள்ஸ் வட்டாரத்தில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் சில வாரங்கள் தடை. ஜனங்கள் தாங்களே மாவு பிசையத் தொடங்கினார்கள். இத்தாலியக் கடைகளில் ஈஸ்ட் குதிரைக்கொம்பாயிற்று!

ஆனால் வீட்டு மின்சார ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். பீட்சா வேக ஏழெட்டு நிமிஷமாகும். அதற்குள் ஈரம் வற்றி, ரஸ்க் போல விறைத்துப்போகும். பலர் மாவின்மேல் பழி போடுகிறார்கள், குற்றவாளி சூடுதான். ஆகவே தண்ணீரைக் கூட்டி, மாவைத் தளரப் பிசைய வேண்டும். குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் புளித்தால் ருசி ஏறும். கனத்த இரும்புத் தகட்டை ஓவனுக்குள் முக்கால் மணி நேரமாவது காயவிட்டு, அதன்மேல் பீட்சாவைப் போட வேண்டும். கல் காயாமல் தோசை வார்ப்பார் உண்டோ? மொஸரெல்லா பாலாடைக்கட்டியை முன்னதாகவே நறுக்கி நீரை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுப்பகுதி சொதசொதவென்று ஆகிவிடும்.