திரையிலேயே பிறந்த ஏலக் கணக்கு: நூலகத்தில் அதற்கு இடம் எங்கே?

போடிநாயக்கனூரில் வியாபாரி மாதிரி ஏலக்காயைக் கையில் உருட்டிப் பார்ப்பது இன்னும் மாறவில்லை. விலை கேட்பது மட்டும் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. ஏலம் முடிந்ததும் வரத்து, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் இணையதளத்தில் ஏறிவிடும். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் போடிமெட்டு தாண்டி மலைத்தோட்டங்களுக்குப் போகும்.

பழைய பேரேட்டை ஸ்கேன் செய்தால் அது நகல். தொலைந்தாலும் பேரேடு இருக்கும். இந்த விலைப்பட்டியலோ பிறப்பிலேயே டிஜிட்டல். போனால் போச்சு. ‘அதான் நெட்ல இருக்கே’ என்பவர்கள், 2014-ல் மூடப்பட்ட ஆர்குட்டை நினைத்துப் பார்க்கலாம்.

2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது செய்தியானது. மற்ற நாட்களின் விலை செய்தியாவதில்லை. ஆனால் வறட்சியில் எவ்வளவு இழந்தோம் என்று ஒரு விவசாயி பின்னாளில் காட்ட வேண்டுமானால், அந்தச் சாதாரண நாட்களின் கணக்குதான் வேண்டும்.

கோப்பு இருந்தால் மட்டும் போதுமா? தமிழில் இன்னொரு வம்பு உண்டு. தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்பதற்கு முன்பு, ஆளுக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பழைய கோப்பைத் திறந்தால் புரியாத குறிகள்தான் வரும்.

1954-ம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட புத்தகம் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போயாக வேண்டும். 1956-ல் செய்தித்தாளும் சேர்ந்தது. இணையதளம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பிரிட்டன் 2013-லேயே இதற்கு விதி போட்டுவிட்டது.

டெல்லி சட்டம் திருத்தும்வரை தேனி மாவட்ட நூலகத் துறை காத்திருக்க வேண்டியதில்லை. போடிக்காரர்கள் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். பெரிய சர்வர் எல்லாம் தேவையில்லை. தினசரி விலைப்பட்டியலை எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய வடிவில் சேமித்து, எங்கிருந்து, என்றைக்கு எடுத்தது என்று குறித்து, போடியில் ஒன்றும் வெளியூரில் ஒன்றுமாக இரண்டு பிரதி வைத்தால் போதும். வருடம் ஒருமுறை திறந்து பார்ப்பதும் முக்கியம். பூட்டி வைத்த வன்தட்டு சொல்லாமல் செத்துப்போகும்.

வாட்ஸ்அப் குரல்பதிவுகள் வேறு விஷயம். அதில் பெயர், போன் நம்பர், கூலித் தகராறு எல்லாம் இருக்கும். பேசியவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. விலைப்பட்டியலுக்கு அந்தத் தடை இல்லை. அது ஏற்கெனவே பொதுவில் இருப்பது. இன்றைய ஏலத்திலிருந்தே தொடங்கலாம்.