டர்போவை அப்புறம் வாங்கலாம்!



'வீடியோ கேம் விளையாடாதே, போய்ப் படி' என்று சொல்ல இங்கேயும் ஒரு வாத்தியார் வந்துவிட்டாரா என்று முகம் சுளிக்காதீர்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அளவோடு விளையாடுங்கள். ஆனால், கார் பந்தய விளையாட்டில் கையில் இருக்கும் காசை எல்லாம் இன்ஜினில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

'கிரான் டூரிஸ்மோ' என்று ஒரு விளையாட்டு. ஜப்பானில் கசுனோரி யமவுச்சி என்பவர் தலைமையில் ஒரு குழு இதை உருவாக்கியது. 1997 டிசம்பரில் பிளே ஸ்டேஷனுக்காக வெளிவந்து, உலகம் முழுவதும் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. நீங்கள் யாரும் பிறக்காத காலம் அது. என் மகன் சிறு வயதில் விளையாடிய அந்தப் பெட்டி பரணில் கிடந்தது. கோடை விடுமுறையில் பேரன் அதை இறக்கி, தூசி தட்டி உயிர் கொடுத்துவிட்டான்.

இந்த விளையாட்டில் தொடக்கத்தில் 10,000 கிரெடிட் கையில் தருவார்கள். அதில் சிறிய பழைய கார் ஒன்று வாங்கலாம். பந்தயத்தில் ஜெயித்தால் பரிசுப் பணம் கிடைக்கும். அந்தப் பணத்தில் சைலன்சர், டர்போ, பிரேக், டயர், சஸ்பென்ஷன், கியர் என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். காரின் எடையைக்கூடக் குறைக்கலாம்.

என் பேரன் என்ன செய்தான் தெரியுமா? சேர்த்த பணம் அத்தனையையும் கொடுத்து டர்போ வாங்கிப் பூட்டினான். கார் நேர் சாலையில் அம்பு மாதிரி பாய்ந்தது. முதல் வளைவு வந்தது... நேராகப் போய் சுவரில் முட்டி நின்றது! பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

''தாத்தா, இன்ஜின் சக்தி கூடியிருக்கு. ஆனா, ஒரு சுற்று சுற்றி வர முன்னைவிட அதிக நேரம் ஆகுதே!'' என்றான் பரிதாபமாக.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் பாடம், நிறுத்துவது. வேகம் இரண்டு மடங்கானால், கார் நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும்! உலர்ந்த சாலையில் 100 கி.மீ., வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்தபின் நிற்க ஏறக்குறைய 50 மீட்டர் வேண்டும். அதே கார் 200 கி.மீ., வேகத்தில் போனால் 200 மீட்டர் வேண்டும். டர்போ பூட்டியதும் வளைவை நோக்கிப் போகும் வேகம் கூடியது. டயரும் பிரேக்கும் பழையவைதான். பிறகு சுவரில் முட்டாமல் என்ன செய்யும்?

இரண்டாவது பாடம், டயர். பிரேக் காரை நிறுத்துவதாக நினைக்கிறோம். அது சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. காரை நிறுத்துவதும் திருப்புவதும் டயருக்கும் தரைக்கும் நடுவே உள்ள உராய்வு. அந்த உராய்வு போதவில்லை என்றால், எவ்வளவு நல்ல இன்ஜினும் சக்கரத்தை வீணாகச் சுற்றவிடும். மென்மையான பந்தய டயர் தரையை நன்றாகப் பற்றும். ஆனால், சீக்கிரம் தேய்ந்துவிடும். நீண்ட பந்தயம் என்றால் கொஞ்சம் கடினமான டயர்தான் கைகொடுக்கும்.

மூன்றாவது பாடம், எடை. கணக்குப் போடலாமா? 1,200 கிலோ எடையுள்ள காரில் 120 குதிரைத்திறன் இன்ஜின் இருக்கிறது. ஒவ்வொரு குதிரையும் 10 கிலோ இழுக்கிறது. காரில் 200 கிலோ குறைத்தால், ஒரு குதிரை இழுப்பது 8.3 கிலோதான். எடையைக் குறைக்காமல் இதே பலனைப் பெற 144 குதிரைத்திறன் வேண்டும். அதாவது, 200 கிலோ குறைப்பது கிளம்பும் வேகத்தில் 24 குதிரைகளைச் சேர்ப்பதற்குச் சமம். அதோடு, வளைவில் டயருக்குச் சுமை குறையும். பிரேக்கும் அதிகம் சூடாகாது. ஒரு காசில் மூன்று லாபம்!

இன்னொரு ரகசியமும் உண்டு. வேகம் கூடக்கூட எதிர்க்காற்று காரைத் தள்ளும். காற்றின் எதிர்ப்பை மட்டும் பார்த்தால், உச்ச வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால்தான் இன்ஜினுக்குச் செலவு செய்யச் செய்ய, கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகிறது.

''அப்படியானால் டர்போ வேண்டவே வேண்டாமா?'' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த விளையாட்டில் 'ஹை ஸ்பீட் ரிங்' என்று ஒரு பாதை உண்டு. அகலமான, சாய்வான வளைவுகள். அங்கே இன்ஜின் சக்திக்குத்தான் மரியாதை. 'ஆட்டம் ரிங்' என்று இன்னொரு பாதை. வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கே டயரும் பிரேக்கும்தான் ராஜா. ஆகவே, பாதையைப் பார்த்து வாங்க வேண்டும். முதலில் டயர், பிரேக், அடுத்து எடை, கடைசியில் இன்ஜின். என் வரிசை இதுதான்.

இந்த எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அதைக் கடையில் வாங்க முடியாது. அதுதான் ஓட்டத் தெரிந்த கை! இந்த விளையாட்டில் பி, ஏ, ஐஏ என்று மூன்று உரிமத் தேர்வுகள் உண்டு. தேறாதவர்களுக்குப் பெரிய பந்தயங்களில் இடமில்லை. கிளம்பி, குறித்த எல்லைக்குள் காரை நிறுத்திக் காட்டுவதும் ஒரு தேர்வு. நிறுத்தத் தெரிந்தவனுக்கே ஓட்டும் உரிமை. என்ன அழகான விதி, பார்த்தீர்களா!

ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனெஸ், இந்த விளையாட்டை வைத்து 2008ல் நடந்த 'ஜிடி அகாடமி' போட்டியில் வென்றவர். பிறகு நிஜக் காரில் பயிற்சி பெற்று, 2011ல் பிரான்சின் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் அவரது அணி இரண்டாம் இடம் பெற்றது. விளையாட்டிலிருந்து அவர் எடுத்துப்போனது டர்போவை அல்ல. பழகிய கையையும் கண்ணையும்தான்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் தெரியுமா? அந்தப் பழைய விளையாட்டில் பணம் வேண்டும் என்றால், விளையாடித்தான் சம்பாதிக்க வேண்டும். இப்போது பல விளையாட்டுகளில் நிஜப் பணத்தையே கேட்கின்றனர். அதே வரிசையில் 2022ல் வந்த 'கிரான் டூரிஸ்மோ 7'லும் நிஜப் பணம் கொடுத்துக் கிரெடிட் வாங்கும் வழி உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் பந்தயப் பரிசுகளைக் குறைத்தபோது, விளையாடுவோர் கொதித்து எழுந்தனர். யமவுச்சியே மன்னிப்புக் கேட்டு, பரிசுகளைக் கூட்ட வேண்டியதாயிற்று.

அப்பாவின் போனில் வரும் ரகசிய எண்ணைத் தட்டி டர்போ வாங்குவது ஒரு நிமிட வேலை. அது அப்பா பல நாள் உழைத்த பணம். அப்படி வாங்கி ஜெயித்தால், ஜெயித்தது யார்? நீங்களா, அப்பாவின் பணமா? யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. திரையில் காரை மாற்றுவது போல், தெருவில் ஓடும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு அதைத் தடுக்கிறது. திரையில் சுவரில் முட்டினால் மறுபடி தொடங்கலாம். தெருவில் மறுபடி கிடையாது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம்! வண்டி நடமாட்டம் இல்லாத மைதானத்தில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுங்கள். மெதுவாகப் போய் ஒரு கோட்டில் பிரேக் பிடியுங்கள். எங்கே நின்றது என்று குறியுங்கள். கொஞ்சம் வேகமாகப் போய் அதே கோட்டில் பிடித்துப் பாருங்கள். கோட்டிலிருந்து ஒவ்வொரு குறிக்கும் உள்ள தூரத்தை அளந்தால், நான் சொன்னது உண்மையா என்று சைக்கிளே சொல்லிவிடும்.

என் பேரன் இப்போது டயரும் பிரேக்கும் வாங்கிவிட்டான். டர்போவுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறான். பந்தயத்தில் ஜெயித்துத்தான்!

என்ன குழந்தைகளே, உங்கள் வரிசை எது?