நீரிழிவு மருந்தும் நீண்ட ஆயுளும்

மெட்பார்மின் என்பது நீரிழிவு வியாதியஸ்தர்களுக்கு வைத்தியர்கள் வெகுகாலமாகக் கொடுத்துவரும் சாதாரண மாத்திரை. விலையும் சொற்பமே. ஆனால் சமீப வருஷங்களில், நீரிழிவே இல்லாதவர்களும் உடற்பருமன் குறையவும் மூப்பு தள்ளிப்போகவும் இதை நாடத் தொடங்கியிருக்கிறார்கள். வைத்தியரைக் கேளாமலே கடையில் வாங்கி விழுங்குவோரும் உண்டு. இவ்விஷயத்தில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது நமது கடமையெனக் கருதுகிறோம்.

ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் வழங்கிய கலீகா என்னும் செடியின் சத்துக்கு உறவான பொருள் இது. ரசாயன நிபுணர்கள் 1922-ல் இதை முதன்முதல் செய்தார்கள். இது நீரிழிவுக்கு உதவுவதை 1957-ல் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் வெளியிட்டார். ஈரல் இரத்தத்தில் அதிகமாகச் சர்க்கரையை விடுவதை இது குறைக்கிறது. பருமனான நீரிழிவுக்காரர்களில் இதை உட்கொண்டோரிடையே மரணம் குறைந்ததென்று 1998-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. ஆகவே மருந்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. நோயாளிக்கு நல்லது யாவருக்கும் நல்லதாகுமா என்பதே கேள்வி.

முதலில் பருமனை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு வரும் நிலையிலிருந்த 3,234 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நடந்த பரீட்சையின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. மருந்து உண்டோருக்கு நீரிழிவு வருவது நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. உணவைத் திருத்தி வாரத்துக்கு 150 நிமிஷம் தேகப்பயிற்சி செய்யப் பழக்கப்பட்டோருக்கோ 58 பங்கு குறைந்தது. மருந்தினால் எடை சுமார் 2 கிலோவும், பழக்கத்தினால் ஐந்தரை கிலோவுக்கு மேலும் குறைந்தது. நமது சென்னையிலேயே 531 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான பரீட்சையில், மருந்தின் பலன் 26.4 பங்கு, நடையும் உணவுத் திருத்தமும் தந்த பலன் 28.5 பங்கு. இரண்டையும் சேர்த்ததால் பலன் அதிகப்படவில்லை. ஆக, மெலிவதற்கு இம்மாத்திரை அற்பத்துணையே அன்றி அற்புதமல்ல.

இனி மூப்பின் விஷயம். மெட்பார்மின் உண்ணும் நீரிழிவுக்காரர்கள் நோயற்றவர்களையும் விட நீடித்து வாழ்வதாக 2014-ல் பிரிட்டனிலிருந்து வந்த கணக்கே இவ்வாசைக்குப் பெரிதும் வித்திட்டது. 2022-ல் டென்மார்க்கில் எடுத்த கணக்கு அதை உறுதிப்படுத்தவில்லை. 2024-ல் ஆண் குரங்குகளிடம் மூப்பின் குறிகள் தாமதப்பட்டதாகச் செய்தி வந்தது. குரங்கின் அனுபவத்தை மனிதருக்கு விதியாக்குவது அவசரம். மேலும், 65 வயது கடந்தவர்கள் பளுதூக்கிப் பயிலும்போது தசை வளர்வதை இம்மருந்து குறைத்ததாக 2019-ல் ஒரு பரீட்சை காட்டிற்று. முதுமையில் தசைபலமே ஊன்றுகோல். ஊன்றுகோலை விற்றுக் கற்பனை ஆயுளை வாங்குவது புத்திசாலித்தனமா?

வயிற்றுப்போக்கும் குமட்டலும் பலருக்கு உண்டாகும். நீடித்து உண்டால் பி-12 என்னும் வைட்டமின் குறையலாம். சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு உயிராபத்தும் நேரலாம். சிறுநீரகம் கெட்டிருப்பதை அறியாமலே இருப்போர் நம்மிடையே பலர்.

இதைவிட வருந்தத்தக்கது ஒன்றுண்டு. மூப்பை இம்மருந்து தடுக்குமா என்று 65 முதல் 79 வயது வரையிலுள்ள 3,000 பேரிடம் பரீட்சிக்க அமெரிக்காவில் 2015-ஐ ஒட்டித் திட்டம் வகுக்கப்பட்டது. பணமின்றி வருஷக்கணக்கில் தடைப்பட்டது. காரணம் வெளிப்படை. உரிமைக்காலம் முடிந்த மலிவு மருந்தில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. லாபமில்லாத உண்மையைத் தேடுவது அரசாங்கங்களின் வேலை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13 கோடிக்கு மேற்பட்டோருக்கு அதன் முன்னிலையும் இருப்பதாக 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கௌன்ஸிலின் கணக்கு கூறிற்று. மருந்தும் இங்கே ஏராளமாக உற்பத்தியாகிறது. நமது தேகங்களைப் பற்றிய உண்மைக்கு அயல்நாட்டின் கையை ஏன் எதிர்பார்க்கவேண்டும்? இப்பரீட்சையை நமது சர்க்காரே நடத்துவது நியாயம்.

"நடையும் உணவும் என்று உபதேசிப்பது எளிது, நாள்முழுதும் உழைப்பவனுக்கு அவகாசம் ஏது, நடக்க இடந்தான் ஏது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. அதற்கு விடை மாத்திரையன்று. நகரசபைகள் நடைபாதைகளை மீட்கவேண்டும், மைதானங்களைக் காக்கவேண்டும், பள்ளிகளில் விளையாட்டு நேரத்தைப் பறிக்கலாகாது. ஊர்தோறும் பொதுவேலை செய்யும் நண்பர்கள் இதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

வைத்தியர் கொடுத்த மருந்தை எவரும் இதைப் படித்து நிறுத்தவேண்டாம். கொடுக்காத மருந்தை எவரும் தொடங்கவும் வேண்டாம். நீண்ட ஆயுள் விரும்பத்தக்கதே. அதற்குக் குறுக்குவழி இருப்பதாக இதுவரை எவரும் நிரூபிக்கவில்லை.