மாருத்துக்கு எஞ்சின் கொடுக்காத நாடு

1970 ஜனவரி 10 அன்று பெங்களூரில் குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ் ஓட்டிய சோதனை விமானம் எழும்பிய சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அவர் பெயரில் அங்கே ஒரு சாலை இருக்கிறது. எங்கள் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கோ 1947இல் ஒலியை முந்திய அமெரிக்கர் யேகரைத் தெரிகிறது, தாஸைத் தெரியவில்லை. எனக்கு இதில் ஆறாத வருத்தம்.

தாஸ் ஓட்டிய அந்த விமானம் மாருத்; ஜெர்மானியர் குர்ட் டாங்க் தலைமையில் நாம் வடிவமைத்த போர் விமானம். 1959இல் அதே அளவுக்கு மரத்தில் ஒரு கிளைடர் செய்து, டகோட்டாவில் கட்டி இழுத்து உயரத்தில் விட்டார்கள். எஞ்சினே கிடையாது. தாஸ் அதைச் சாய்த்தும் திருப்பியும் பார்த்துப் பத்திரமாக இறக்கினார். 1961 ஜூன் 17 அன்று எஞ்சினோடு முதலில் பறக்கவைத்தவரும் அவர்தான்.

அதே 1961இல்தான் எங்கள் கடலில் கடைசி முத்துக்குளிப்பு. என் தாத்தா குளியாள். மேலே கயிறு பிடிப்பவன் யாரென்று பார்க்காமல் முத்துச்சிப்பி கிடக்கும் பாரில் இறங்கமாட்டாராம். அதேபோல, சோதனை விமானியின் கயிறு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது.

அந்தக் கை தளர்ந்தது. மாருத்துக்கு நினைத்திருந்த எஞ்சின் பிரிஸ்டலின் ஆர்ஃபியஸ்-12. அதை உருவாக்கி முடிக்க பிரிட்டிஷ் அரசும் பணம் தரவில்லை, நாமும் தரவில்லை. கிடைத்தது சுமார் 2,200 கிலோ உந்துவிசை கொண்ட ஆர்ஃபியஸ்-703, ஒரு விமானத்துக்கு இரண்டு. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று விலக நேரமில்லாமல் முன்னால் நெரிந்து நிற்கும். எதிர்ப்பு மளமளவென்று ஏறும். அதை எளிதில் தள்ளிக் கடக்கும் பலம் அந்த எஞ்சினுக்கு இல்லை. நேர்மட்டப் பறப்பில் மாருத்தால் கடைசிவரை ஒலியைத் தாராளமாகத் தாண்ட முடியவில்லை. பின்குழாயில் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் ஏற்பாட்டோடு செய்த விமானத்தில்தான் தாஸ் இறந்தார். விபத்துக்கு அந்த ஏற்பாடே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அப்படியொரு விமானம் தேவைப்பட்டதே எஞ்சின் பஞ்சத்தால்தான்.

2003 ஆகஸ்ட் 1 அன்று நம் இன்னொரு போர் விமானமான தேஜஸ் ஒலியைத் தாண்டியது. பெருமைதான்; எஞ்சின் அமெரிக்காவுடையது. 1989இல் தொடங்கிய நம் காவேரி எஞ்சினை 2008இல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். தேஜஸ் மார்க்-1ஏ ரகத்துக்கு 2021இல் கேட்ட எஞ்சின்களில் முதலாவது வந்தது 2025இல்.

வேலைக்காலம் முழுக்க துறைமுக டக் என்னும் இழுவைப் படகுகளின் எஞ்சின் ரூமில் இருந்தவன் நான். இன்ஜெக்டர் முனையில் மயிரிழைத் துளைகள் அடைத்துக்கொண்டால் டக் புகையைக் கக்கித் திணறும். ஜெட் எஞ்சினின் டர்பைன் பிளேடு படும் பாடு அதைவிடக் கொடியது. தன் உலோகமே உருகிவிடும் சூட்டில், உள்ளே துளையிட்ட வழிகளில் ஓடும் காற்றால்தான் அது பிழைக்கிறது. இந்த வித்தை இரண்டு மூன்று பட்ஜெட்டில் கைகூடாது. தோற்றாலும் நிறுத்தாமல் இருபது வருஷம் செலவழிக்கவேண்டும்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் எழும் இந்த மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகளில் சூடு தாங்கும் உலோகங்களுக்கென்று ஒரு படிப்பைத் தொடங்குங்கள். காவேரிக்கு ஒதுக்கும் பணத்தை ஆட்சி மாறினாலும் வெட்டமுடியாதபடி நாடாளுமன்றத்தில் உறுதி செய்யுங்கள்.